கணினியில் ரேமும் டிஸ்க்கும் கூட்டுவது எப்படி: வாங்கும் முன்பிருந்து மூடியை மாட்டும் வரை

முதன்முதலாக என் கணினிக்கு நானே ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) வாங்கி வந்து ஸ்லாட்டில் வைத்தபோது அது உட்காரவே இல்லை. சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நல்லவேளை, எதுவும் உடைவதற்குள் ஸ்லாட்டின் உள்ளே இருந்த சின்ன மேடு கண்ணில் பட்டது. ரேமின் அடியில் இருந்த வெட்டு அதற்கு நேராக இல்லை, சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. என் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் முக்கியப் பலகை, டிடிஆர்3 என்ற தலைமுறை ரேமுக்கானது. கையில் இருந்தது டிடிஆர்4.

ரேமோ டிஸ்க்கோ மாட்டுவதற்கு ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் போதும். எது வேண்டும், எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதனால் இங்கே கணிசமான பகுதி பெட்டியைத் திறப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியதாகவே இருக்கும். மேசைக் கணினியை மனதில் வைத்து எழுதுகிறேன். லேப்டாப்புக்கு மாறும் இடங்களைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன்.

எது போதவில்லை?

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அப்படியே விட்டுவிட்டு, வழக்கமாகக் கணினி திணறும் வேலையைச் செய்யுங்கள். பிரவுசரில் எப்போதும் திறக்கும் அத்தனை டேப்களையும் திறந்து, கூடவே ஒரு பெரிய கோப்பையும் திறந்து பாருங்கள். இப்போது மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறதா, ரேம் போதவில்லை. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காலை வாருகிறது. இரண்டும் சும்மா இருக்க பிராசசர் மட்டும் 100 காட்டினால், ரேமும் டிஸ்க்கும் வாங்கி ஒரு பயனும் இல்லை.

இதில் ஒரு குழப்பம் உண்டு. ரேம் நிரம்பிவிட்டால் இயங்குதளம் அதில் உள்ளவற்றில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும். அதனால் ரேம் பற்றாக்குறைகூட ‘டிஸ்க் 100’ என்ற வேஷத்தில் வரலாம். இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, இரண்டுமே குறைவு என்றால் எதை முதலில் வாங்குவது? என்னைக் கேட்டால், விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கும் கணினிக்கு எஸ்எஸ்டிதான், அதாவது சுழலும் பாகமே இல்லாத சிப் வகை டிஸ்க்தான், முதலில். மாற்றிய அன்றே வித்தியாசம் தெரியும். ரேமைப் பொறுத்தவரை, இன்றைய பிரவுசர்களுக்கு 4 ஜிபி மூச்சுத் திணறல், 8 சமாளிக்கலாம், 16 நிம்மதி. வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் என்று போகிறவர்களுக்கு 32. அதற்கு மேல் வேண்டியவர்களுக்கு ஏன் வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும்.

இன்னொன்று: பழைய கணினியில் 32 பிட் விண்டோஸ் இருந்தால், வீட்டு உபயோகப் பதிப்புகளில் 4 ஜிபிக்கு மேல் அது கண்ணெடுத்தும் பார்க்காது. 8 ஜிபி மாட்டினாலும் மீதி வீண்தான். முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

ரேம் வாங்கும் முன்

முதலில் தலைமுறை. டிடிஆர்3 2007 வாக்கிலும், டிடிஆர்4 2014இலும் கடைகளுக்கு வந்தன. டிடிஆர்5இன் தரவரையறை 2020இல் வெளியானது. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. மின்னழுத்தமே வேறு: 1.5, 1.2, 1.1 வோல்ட். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான் என்றாலும் வெட்டு இருக்கும் இடம் மாறும். என்னைப் போல் அழுத்திப் பார்க்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரியைச் சொடுக்கினால் வேகம் தெரியும். 1333, 1600 என்றிருந்தால் பொதுவாக டிடிஆர்3. 2133இலிருந்து 3200 வரை டிடிஆர்4. 4800இல் தொடங்கினால் டிடிஆர்5. அதே இடத்தில் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் இருக்கும். சந்தேகம் என்றால் மூடியைத் திறந்து, ரேமின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுவதே மேல்.

அடுத்து, மதர்போர்டு எவ்வளவு தாங்கும். போர்டின் மாடல் பெயர் அதன்மேலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். தயாரிப்பாளர் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை ஜிபி, மொத்தம் எத்தனை ஜிபி என்று கையேட்டில் இருக்கும். இந்த ஐந்து நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 2400 இருக்கும் கணினியில் 3200 மாட்டினால் இரண்டும் 2400இல் ஓடும், அவ்வளவுதான். ஆனால் ஜோடியாக மாட்டுவதில் விஷயம் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு ரேம்களைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் பிராசசர் இரண்டோடும் ஒரே நேரத்தில் பேசும். இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் இதன் பலன் நன்றாகவே தெரியும், ஏனென்றால் திரைக்கான வேலைக்கும் அதே ரேம்தான். எனவே ஒற்றை 16ஐவிட இரண்டு 8 நல்லது. ஆனால் ஸ்லாட்டே இரண்டுதான், பின்னால் 32க்குப் போகும் எண்ணம் இருக்கிறது என்றால், இப்போது ஒரு 16 மட்டும் போட்டு அடுத்ததற்கு இடம் விடுவதும் தப்பில்லை.

பழைய ரேமோடு வேறு கம்பெனி ரேமைச் சேர்க்கலாமா? பெரும்பாலும் ஓடும். சில நேரம் காரணமே சொல்லாமல் முரண்டு பிடிக்கும். திருப்பித் தர வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் நம்ப முடியாத மலிவு விலைக்கு 16 ஜிபி, 32 ஜிபி ரேம் கிடைத்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது சர்வர்களுக்கான ‘ரெஜிஸ்டர்டு’ வகையாக இருக்கலாம். வீட்டுக் கணினியில் வேலை செய்யாது. லேப்டாப்பிலும் பல மினி கணினிகளிலும் இருப்பது ஏறக்குறைய பாதி நீளமுள்ள குட்டி ரேம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே கூட்ட வழியே இல்லை.

டிஸ்க் வாங்கும் முன்

சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 முதல் 250 மெகாபைட் வரை படிக்கும். அதுவும் தகவல் வரிசையாக இருந்தால்தான். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளுக்கு அதன் முள் ஓடி ஓடித் தேட வேண்டும், அங்கேதான் நாம் காத்திருக்கிறோம். ஹார்டு டிஸ்க்குக்கான அதே சாட்டா இணைப்பில் ஓடும் சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 மெகாபைட். அதைவிட வேகமான இணைப்பில் ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டி 3,500, 7,000 என்றெல்லாம் போகும். எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது கிடைக்கும் ‘அட!’ என்ற உணர்வு, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அன்றாட வேலையில் கிடைக்காது. பழைய கணினிக்குச் சாட்டா எஸ்எஸ்டி தாராளம். போட்டோ, வீடியோ சேமித்து வைக்க மட்டும் என்றால் ஹார்டு டிஸ்க்கே லாபம்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. பார்க்க ஒரே மாதிரி சூயிங்கம் பட்டை போல இருந்தாலும் அதில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் வாங்க வேண்டிய அளவு 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். கையேட்டை எடுத்த கையோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எதையாவது மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். இது தெரியாமல் ‘புதுசு போட்டதும் பழைய டிஸ்க் செத்துப்போச்சு’ என்று பதறுகிறவர்கள் நிறைய.

டிவிடி டிரைவ் சேர்க்க நினைப்பவர்களுக்கும் சாட்டா கேபிள்கள்தான். ஆனால் அதற்கு 5.25 அங்குல டிரைவுக்கான இடம் கேபினெட்டின் முகப்பில் இருக்க வேண்டும். புதிய கேபினெட்டுகளில் பெரும்பாலும் அந்த இடமே இல்லை. எப்போதாவது ஒரு பழைய சிடியைப் படிக்க என்றால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கிவிடுங்கள், பெட்டியைத் திறக்கும் வேலையே மிச்சம்.

தனியாக விற்கும் உள் டிஸ்க்குடன் பெரும்பாலும் கேபிளோ திருகாணியோ வராது. எனவே மூடியைத் திறந்து, போர்டில் சாட்டா போர்ட் காலியாக இருக்கிறதா, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் கேபிள்களில் தட்டையான சாட்டா பவர் முனை மிச்சம் இருக்கிறதா, வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாட்டா டேட்டா கேபிளையும் சேர்த்தே வாங்குங்கள். பவர் முனை இல்லை என்று, பழைய நான்கு பின் மோலெக்ஸ் முனையைச் சாட்டா பவராக மாற்றும் அடாப்டர் வாங்கும்போது, உருக்கி வார்த்த பிளாஸ்டிக் முனை உள்ளதைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகியிருப்பது வெளியே தெரியும் வகைதான் பாதுகாப்பு.

திறப்பதற்கு முன்

முக்கியமான கோப்புகளை வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். ரேம் மட்டும்தானே என்று நினைக்காதீர்கள், கை தவறுவதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் அதன் ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள். வன்பொருளிலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) மாற்றம் கண்டால் அது 48 இலக்க எண்ணைக் கேட்டுக் கதவை அடைத்துவிடக்கூடும்.

கணினியை முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள், ஸ்லீப் போதாது. பவர் கேபிளை உருவிவிட்டு ஆன் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சில போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அது அணையும் வரை எதையும் தொடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காலத்திலும் திறக்க வேண்டாம்.

நிலைமின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று நமக்குத் தெரிவதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிப்புகள் பாழாக அதைவிடக் குறைவே போதும். அதாவது நமக்குத் தெரியாமலேயே கெடுத்துவிடலாம். தரைவிரிப்பின் மேல் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். ரேமைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எதையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேம் மாட்டுவது

கேபினெட்டைப் படுக்க வைத்துவிட்டால் போர்டு கீழே கிடக்கும், அழுத்துவது எளிது. நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ரேம்தான் என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். ஒட்டினாற்போல இருக்கும் இரண்டு ஸ்லாட்டுகளில் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கணினி ஓடும், டூயல் சேனல் மட்டும் கிடைக்காது.

ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளித் திறங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும், மறுபக்கம் அசையாது, அதைப் போட்டு இழுக்காதீர்கள். ரேமை ஓரத்தில் பிடித்து, தங்கநிறப் பற்களைத் தொடாமல், அடி வெட்டை ஸ்லாட்டின் மேட்டுக்கு நேராக வையுங்கள். நேராக இல்லை என்றால் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் வாங்கியதே தப்பு.

இனி அழுத்தும் கட்டம். இரண்டு கட்டை விரல்களையும் ரேமின் இரு முனைகளிலும் வைத்து, ஒரே சீராகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முதல்முறை செய்கிறவருக்கு இது பயமாகத்தான் இருக்கும். நினைத்ததைவிடப் பலம் தேவைப்படும், போர்டு லேசாக வளையும்கூட. ‘டக்’ என்று ஒரு முனையில் சத்தம், அப்புறம் மறுமுனையில் இன்னொரு ‘டக்’. கொக்கிகள் தாமாகவே எழுந்து ரேமின் ஓர வெட்டுக்குள் உட்கார வேண்டும். நீங்கள் கையால் தள்ளி மூட வேண்டியிருந்தால் ரேம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: ஒரு முனையில் தங்கநிறம் மறைந்து மறுமுனையில் ஒரு கீற்றுத் தெரிந்தால், அந்த முனையை மறுபடி அழுத்துங்கள். மாட்டிய பிறகு திரையே வரவில்லை என்று சொல்லி எனக்குப் போன் வந்தால், முதலில் கேட்பது இந்தக் கீற்றைத்தான்.

டிஸ்க் மாட்டுவது

3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்குப் பட்டையான மறையுள்ள திருகாணி. எஸ்எஸ்டிக்கும் டிவிடி டிரைவுக்கும் நெருக்கமான மறையுள்ள சின்னத் திருகாணி. மாற்றித் திருகினால் மறை தேய்ந்துவிடும். விரலால் இரண்டு சுற்று எளிதாகப் போனால் அது சரியான திருகாணி. ஹார்டு டிஸ்க் சுழல்வதால் அதிரும், நான்கையும் போட்டு இறுக்குங்கள். எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவும் இல்லை, எந்தப் பக்கம் பார்த்து வைத்தாலும் சரி. இடம் இல்லாத ஒரு கேபினெட்டில் இருபக்க டேப்பால் ஒட்டி வைத்த எஸ்எஸ்டி வருடக்கணக்கில் ஓடுகிறது.

சாட்டா கேபிள்கள் இரண்டு. குறுகலான ஏழு பின் முனை டேட்டாவுக்கு, அகலமான பதினைந்து பின் முனை பவருக்கு. இரண்டின் உள்ளும் ஒரு எல் வளைவு இருக்கும். அதைப் பார்த்துச் சொருகுங்கள், தலைகீழாகத் திணித்தால் டிஸ்க்கின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட வகை என்றால், அந்த எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். டிஸ்க் பக்க முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தக் கம்பியில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. அலமாரியில் கிடந்த வேறொரு கேபிள் அழகாகப் பொருந்தியதே என்று மாட்டி, 1 டிபி டிஸ்க் ஒன்றை ஒரே நொடியில் கொன்றிருக்கிறேன். சத்தம்கூட வரவில்லை, கருகல் வாசனை மட்டும்.

எம்.2 வகைக்குக் கேபிளே இல்லை. ஸ்லாட்டுக்கு எதிர்முனையில் இருக்கும் குட்டித் திருகாணியைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள், தொலைந்தால் மாற்றுக் கிடைப்பது பாடு. எஸ்எஸ்டியைச் சுமார் 30 டிகிரி சாய்வாகச் சொருகினால் மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் படுக்க அழுத்தித் திருகுங்கள், விரல் நுனி இறுக்கம் போதும். மேலே ஹீட்சிங்க் மூடி (சூட்டைக் குறைக்கும் உலோகத் தகடு) இருந்தால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மூடுங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போது

பக்க மூடியை இன்னும் மாட்டாதீர்கள். பவர் கேபிளைச் சொருகி ஆன் செய்து, டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். மொத்த ரேமும் புது டிஸ்க்கின் பெயரும் அங்கே தெரிந்தால் கைவேலை முடிந்தது. 3200 ரேம் 2133 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால் சொன்ன வேகத்துக்கு வரும். அதன் பிறகு கணினி அடிக்கடி நின்றால் அதை அணைத்துவிடுங்கள்.

திரை கறுப்பாகவே இருந்தால்? டிடிஆர்5 என்றால் முதலில் பொறுமை. புது ரேமைப் பழகிக்கொள்ள அது சில நிமிடங்கள்கூட எடுக்கும், நடுவில் அணைக்காதீர்கள். மற்றபடி, பவரை உருவிவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். சரிவரவில்லையா, ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுப் பாருங்கள். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசி வழி, பவர் இல்லாத நிலையில் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது.

ரேமைக் கணினி ஏற்றுக்கொண்டது என்பதால் அது நல்ல ரேம் என்று அர்த்தமில்லை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, இரவு ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பயாஸில் தெரிகிற டிஸ்க் விண்டோஸில் காணோமே?

புது டிஸ்க் வெறும் நிலம் மாதிரி, பட்டா போட்டால்தான் வீடு கட்டலாம். ஸ்டார்ட் பட்டனை வலது சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால், டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. பிறகு கறுப்புப் பட்டையாகத் தெரியும் காலி இடத்தை வலது சொடுக்கி நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், ஒரு எழுத்து என்று கொடுத்தால் முடிந்தது. வேறு கணினியிலிருந்து கழற்றிய, தகவல் உள்ள டிஸ்க்குக்கு இதே கேள்வி வந்தால் மட்டும் சம்மதிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது.

விண்டோஸையே புது எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டுமானால் குளோன் செய்யலாம், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கலாம். எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் பலர் இதற்கு இலவச மென்பொருள் தருகிறார்கள். எதிலிருந்து, எதற்கு என்பதை டிஸ்க்கின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்து உறுதிசெய்த பிறகே பட்டனை அழுத்துங்கள். மாறிப்போனால் காலி டிஸ்க் நிரம்பிய டிஸ்க்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். முடிந்ததும் அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து ஆன் செய்து பாருங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதாக இருந்தாலும் பழைய டிஸ்க் கழன்றே இருக்கட்டும். இல்லையென்றால் இன்ஸ்டாலர் தொடக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிடக்கூடும். என்றைக்காவது அதைக் கழற்றும்போது கணினி எழவே எழாது. பழையதை இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகு அழியுங்கள்.

இப்போது மூடியை மாட்டலாம். அதற்கு முன் கேபிள் எதுவும் விசிறியில் உரசவில்லையே என்று பாருங்கள், கிண்ணத்தில் இருக்கும் திருகாணிகளையும் எண்ணுங்கள். ஒன்று மிஞ்சினால் பரவாயில்லை. ஒன்று குறைந்தால் பவரை உருவிவிட்டு, கேபினெட்டை மெல்லச் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். அது போர்டின் அடியில்தான் எங்காவது கிடக்கும்.